கல்லுக்கு அந்தப் பக்கம் கிணறு

எல்லைக் கல் நட வந்தவர்கள் முதலில் தண்ணீர்தான் கேட்டார்கள்.

மாசி வெயில். பூவரசங்குளத்திலிருந்து உள்ளே பிரியும் செம்மண் கிரவல் வீதியில், உழவு இயந்திரப் பெட்டியில் கொங்கிறீற்றுக் கற்களோடு குலுங்கி வந்ததில் அவர்களுடைய தலைமயிர்கூடச் சிவந்து போயிருந்தது. சுப்பம்மா கிணற்றடிக்குப் போய்ப் புதிதாக ஒரு வாளி அள்ளி வந்து செம்பில் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தவர்கள் நல்ல தண்ணீர் என்று சொல்லி இன்னொரு செம்பும் வாங்கிக் குடித்தார்கள். அது சும்மா சொன்னதல்ல. அந்தப் பகுதியில் மற்றக் கிணறுகளின் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலின் அடியில் சுண்ணாம்பு படியும். இந்தக் கிணற்றுத் தண்ணீரில் படியாது.

வாயைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். முதல் கல்லை உழுந்துக் காணியின் மூலையில் நட்டார்கள். அடுத்ததை அதற்கு நேராக நட்டார்கள். பிறகு கயிறு பிடித்துப் பார்த்து, உடுப்புக் காயப்போடும் முருங்கைக்குப் பக்கத்தில் குழி தோண்டினார்கள். குழி தோண்டிய இடத்துக்கு இந்தப் பக்கம் வீடு. அந்தப் பக்கம் கிணறு.

சுப்பம்மா குசினி வாசலில் நின்று பார்த்தாள். கயிறு பிடித்தவனுக்குக் கைதவறி விட்டது என்றுதான் நினைத்தாள்.

"தம்பி, கெணறு அந்தப் பக்கம் போயிருச்சே."

வந்தவர்களில் தமிழ் தெரிந்தவன் அனோஜன் என்ற இளைஞன். வனத் திணைக்களத்தின் காட்டுக் கந்தோரில் உதவியாளன். அவன் நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொன்னான். "கோடு இப்பிடித்தான் போகுது அம்மா. கிணறு உங்கட இல்லையெண்டு நாங்கள் சொல்லேல்லை. அங்கால காடு எண்டுதான் சொல்லுறம்."

"காடா? பத்து நாளைக்கு முன்னதான் உழுந்து புடுங்கினோம்."

அனோஜன் சிங்களத்தில் மற்றவர்களிடம் ஏதோ சொன்னான். அவர்கள் சிரிக்கவில்லை. கல்லை இறக்கி, மண் போட்டு மிதித்தார்கள். போகும்போது செம்பைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

சுப்பம்மாவின் புருஷன் வீரையா அப்போது அயற்காரர் பாலனின் வயலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். சேதி கேட்டு ஓடி வந்தவர் கல்லைக் காலால் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. கல்லுக்கு அந்தப் பக்கம் போனார், இந்தப் பக்கம் வந்தார், கடைசியில் அதன் மேலேயே உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

"நம்ம சாமி இருக்கையில எப்புடி புள்ள காடுன்னு எழுதுனாங்க?" என்று கேட்டார்.

 சுப்பம்மாவுக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது.

*

வீரையாவின் தகப்பன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டுக் குடும்பத்தோடு வன்னிக்கு வந்தவர். வீரையா அப்போது மடியில் தூக்கிவந்த பிள்ளை. பெரும் காடாகக் கிடந்த இடத்தைத் தகப்பனும் தாயும் காட்டுக்கத்தியால் வெட்டித் தோட்டமாக்கினார்கள். எல்லாவற்றையும் வெட்டவில்லை. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டும்போது செடியில் ஒரு கிளையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெட்டுவது தோட்டத்தில் உண்டு. அந்த ஒரு கிளையால்தான் செடி மூச்சு விடும், அதையும் வெட்டினால் தூரோடு செத்துவிடும் என்பார்கள். காட்டுக்கும் அப்படித்தான் என்பது தகப்பனின் கணக்கு. ஒரு பாலை மரத்தையும் அதைச் சுற்றி நின்ற புதர்ப் பற்றையையும் விட்டார். லயத்துக் கோயிலிலிருந்து மடியில் முடிந்து வந்த பிடிமண்ணை அந்தப் பாலையடியில் போட்டு, ஒரு கல்லை நட்டு, இரும்புச் சூலத்தை மரத்தில் சாய்த்து வைத்தார். முனியாண்டி அங்கே குடியேறினார்.

முனி இருந்த பற்றைக்குள் கத்தி போகக்கூடாது. விழுந்த சருகைக் கூட்டக்கூடாது. செருப்போடு போகக்கூடாது. வருஷத்தில் ஒரு தடவை, பொங்கலுக்கு மட்டும், ஒற்றையடி வழியில் போய் வருவார்கள். வறட்சியிலும் அந்தப் பற்றை பச்சையாக நின்றதைப் பார்த்துத்தான் அதன் அருகில் கிணறு வெட்டினார்கள்.

பிறகு சண்டைக் காலம். பூந்தோட்டம் அகதி முகாமில் பத்து வருஷத்துக்கு மேல் கழிந்தது. தகப்பனும் தாயும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். திரும்பி வந்தபோது காணி முழுவதும் ஆள் உயரத்துக்குக் காடு மண்டியிருந்தது. எது தோட்டம், எது முனியின் பற்றை என்று தெரியவில்லை. வீரையாவும் சுப்பம்மாவும் சூலத்தைத் தேடித்தான் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். சாய்த்து வைத்த சூலத்தைப் பாலை மரம் பாதிக்கு விழுங்கியிருந்தது. மூன்று முனைகளும் பட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வீரையா மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு பழைய அளவில் பற்றையை விட்டுவிட்டு மற்றதை வெட்டினார்.

பக்கத்துக் காணிக்காரர் பாலன் யாழ்ப்பாணத்துக் குடும்பம். குளத்துக்குக் கீழே வயல் கிடைத்து வந்தவர்கள். அவர் தன் மேட்டுக்காணிக்கு டோசர் பிடித்து ஒரே நாளில் வெட்டவெளியாக்கினார். இப்போது அங்கே கச்சான் கடலையும் வெயிலும்தான்.

வீரையாவின் பற்றைக்குள் ஒரு குருவி இருந்தது. சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் பெரிது. முதுகு தவிட்டு நிறம், வயிறு பழுத்த இலை நிறம், தலையில் மட்டும் பால் விடாத சாயத்தண்ணியைக் கவிழ்த்தது போலக் கடும் நிறம். கண்ணுக்கு அகப்படுவது குறைவு. சருகுக்குள் சரசரவென்று நடந்து பூச்சி பொறுக்கும். காலையில் விட்டு விட்டு விசிலடிக்கும். யாரோ கிணற்றடியில் நின்று கூப்பிடுவது மாதிரி இருக்கும். சுப்பம்மா அதற்குச் சருகுக் குருவி என்று பெயர் வைத்திருந்தாள்.

அதன் உண்மையான பெயரோடு வந்தவள் தயாளினி. பறவைகளைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை. தொப்பியும் தூரக்கண்ணாடியுமாக ஒரு காலையில் வந்து, பற்றைக்குள் கேட்கும் சத்தத்தைப் பார்க்கலாமோ என்று கேட்டாள். வீரையா அவளுடைய சப்பாத்தைக் கழற்றச் சொல்லி உள்ளே கூட்டிப்போனார். அவள் சருகில் குப்புறக் கிடந்து, மத்தியானம் வரையில் வெளியே வரவில்லை. வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. சுப்பம்மா சுட்ட ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஐயா, இந்தக் குருவி எங்கட தீவைத் தவிர உலகத்தில வேற ஒரு இடத்திலயும் இல்லை. இது திறந்த வெளியில சீவிக்காது. நிழலும் சருகும் வேணும். இது இருந்தால் அங்க காடு உயிரோட இருக்கெண்டு அர்த்தம்."

வீரையா ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். தேத்தண்ணிக் கடையில் சொன்னார், சங்கக் கடையில் சொன்னார். "நம்ம காணியில உலகத்துல இல்லாத குருவி இருக்குங்க" என்று அவர் தொடங்கினாலே பாலன், "அப்ப அதுக்கும் அடையாள அட்டை எடுத்துக் குடுங்கோ வீரையாண்ணை" என்பார். தயாளினி குருவியின் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு அனுப்பினாள். சுப்பம்மா அதைச் சாமிப் படங்களோடு மாட்டினாள்.

ஐப்பசியில் காணி பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். எது குடியிருப்பு, எது காடு என்று பிரிக்கத்தான் வந்திருந்தார்கள். காணிக் கந்தோரிலிருந்து ஒருவர், காட்டுக் கந்தோரிலிருந்து ஒரு பெரியவர், அவருக்கு மொழிபெயர்க்க அனோஜன். எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள், அத்தாட்சி என்ன என்று கேட்டார்கள். கையில் கடதாசி எதுவும் இல்லை. எல்லாம் முகாமுக்குப் போகிற வழியில் நனைந்து கரைந்துவிட்டன. வீரையா தயங்கவேயில்லை. அவர்களைப் பற்றைக்குக் கூட்டிப்போனார். பெரியவரையும் சப்பாத்தைக் கழற்ற வைத்தார். மரம் விழுங்கிய சூலத்தைக் காட்டினார்.

"இரும்ப மரம் முழுங்க எத்தன வருசம் வேணும் தொரை? நீங்களே சொல்லுங்க."

பெரியவர் சூலத்தின் முனையைத் தொட்டுப் பார்த்தார். தலையை ஆட்டினார். அந்த அளவில் விட்டிருக்கலாம். வீரையாவுக்கு வாய் நிற்கவில்லை. இந்தப் பற்றையை எப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்று காட்ட, குருவியின் கதையைச் சொன்னார். நல்ல நேரமோ கெட்ட நேரமோ, குருவியும் விசிலடித்தது. பெரியவர் கையை உயர்த்தி எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து சுவரில் இருந்த படத்தைத் தன் போனில் எடுத்துக்கொண்டார். வேலிக்கு அப்பால் நின்ற பாலன் பல்லைக் கடித்துக்கொண்டு கையால் சாடை காட்டியதை வீரையா கவனிக்கவேயில்லை. மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

*

கல் நட்ட அன்று பின்னேரம் பாலனும் மனைவி விமலேஸ்வரியும் வந்தார்கள். விமலேஸ்வரி பயற்றம் பணியாரம் கொண்டுவந்திருந்தாள், செத்த வீட்டுக்கு வருகிறவள்போல மெதுவாகப் பேசினாள். சித்திரை வருஷப் பிறப்புக்குப் பிறகு இன்னொரு முறை பார்க்க வருவார்களாம், அதற்குப் பிறகுதான் முடிந்த முடிவாம் என்று பாலன் விசாரித்து வந்திருந்தார்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ," என்றார். "என்ர காணியில ஒரு ஓணான் ஒதுங்குறதுக்கு நிழல் விடேல்லை நான். ஆரும் வந்து கல்லுப் போட்டவங்களோ? உங்களுக்கு அந்தப் பத்தைதான் வினை. அவங்கட கணக்கில குருவி இருந்தால் காடு. குருவி இல்லாட்டி?"

"சாமி இருக்குதே தம்பி."

"சாமி இருக்கட்டும். பத்தை வேணுமோ சாமிக்கு? எங்கட பிள்ளையார் சீமெந்து மண்டபத்துக்குள்ள இருக்கிறார். ஒரு குறையும் இல்லை."

"உங்க புள்ளையாருக்குக் கூரை வேணும். எங்க முனிக்குக் கூரை ஆகாது."

பாலன் பணியாரத்தில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு எழுந்தார். "அப்ப முனியைக் கிணத்துத் தண்ணி அள்ளித் தரச் சொல்லுங்கோ" என்றார். விமலேஸ்வரி அவருடைய தோளில் தட்டி அடக்கினாள்.

மகள் பிரேமிளா வவுனியாவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. அங்கேயே அறை எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். அவள்தான் தயாளினிக்குத் தொலைபேசி எடுத்தது. தயாளினி மூன்று பஸ் மாறி வந்தாள். முருங்கையடியில் நின்ற கல்லைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பிள்ளையின் கண் கலங்கியதைப் பார்த்தபோது சுப்பம்மாவுக்குத் திட்ட நினைத்த வார்த்தைகள் மறந்துபோயின. சோறு போட்டாள். தயாளினியால் சாப்பிட முடியவில்லை.

அந்தக் குருவியைக் காப்பாற்றியதே இந்தக் குடும்பம்தான் என்று எழுதித் தருவதாகத் தயாளினி சொன்னாள். எழுதினால் என்ன ஆகும் என்று பிரேமிளா கேட்டாள். குருவி இருப்பது இன்னும் உறுதியாகும் என்று தயாளினியே சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"அப்ப, இல்லன்னு எழுதுவியா தாயி?" என்று சுப்பம்மா கேட்டாள். "அன்னைக்குப் பாத்தேன், இன்னைக்கு இல்ல, பறந்து போயிருச்சுன்னு."

"இருக்கிறதை இல்லையெண்டு என்னால எழுத ஏலாது அன்ரி."

"நாங்க இருக்கோமே. எங்கள மட்டும் இல்லன்னு எழுதியிருக்காங்களே."

தயாளினி சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பற்றைக்குள்ளிருந்து குருவி கூப்பிட்டது. வழமையாக அந்தச் சத்தம் கேட்டதும் தலையைத் திருப்புகிறவள், அன்றைக்குத் திரும்பவில்லை. கடைசிப் பஸ்ஸுக்குப் பிரேமிளா அவளைச் சைக்கிளில் ஏற்றிப் போனாள்.

*

பங்குனியில் குளம் வற்றத் தொடங்கியது. எல்லோருடைய கிணற்றிலும் வாளி அடியில் தட்டியது. முனியின் கிணற்றில் மட்டும் தண்ணீர் நின்றது. பாலன் வீட்டாரும் அங்கேதான் குடிக்க அள்ளினார்கள். காட்டுக் கந்தோர் வண்டி வீதியில் போகும் சத்தம் கேட்டால் சுப்பம்மா வாளியைக் கிணற்றுக் கட்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவருவாள். ஒரு நாள் அப்படி ஓடிவந்து, மாமனார் வெட்டிய சொந்தக் கிணற்றிலிருந்து களவாகத் தண்ணீர் அள்ளுகிறோம் என்பது உறைத்து, குசினியில் உட்கார்ந்துகொண்டு அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை.

பசியோடு வந்த வீரையாவிடம் அவள் சொன்னாள்:

"இந்தா பாருங்க. மாமா சாமிய எப்புடிக் கொண்டாந்தாரு? பிடிமண்ணுலதானே கொண்டாந்தாரு. அங்கயிருந்து இங்க வந்த சாமி, பத்தையிலயிருந்து வாசலுக்கு வரமாட்டாரா?"

வீரையா யோசித்துப் பார்த்தார். அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. பிடிமண் எடுத்துவிட்டால் பழைய இடம் வெறும் இடம். அதற்குப் பிறகு அங்கே கத்தி வைக்கலாம். இப்படிப் பெயர்ந்து பெயர்ந்துதான் அவர்களுடைய சாமிகள் கடல் தாண்டியும் மலை இறங்கியும் வந்திருந்தார்கள்.

"சூலம்?" என்றார்.

"அதையும்தான் எடுக்கணும். ஆயுதத்த விட்டுட்டு சாமி மட்டும் வருவாரா?"

அடுத்த வெள்ளிக்கிழமை சேவல் அறுத்துப் பொங்கினார்கள். வீரையா பாலையடி மண்ணை ஒரு பிடி எடுத்து மஞ்சள் துணியில் முடிந்தார். முனியின் கல்லைப் பெயர்த்தார். சூலத்துக்குத்தான் பாடுபட்டார். மரம் விடவில்லை. உளியை வைத்துப் பட்டையைக் கொத்தக் கொத்தப் பால் வடிந்தது. உள்ளே இருந்த பாகம் துருவேறி, இழுத்த இழுப்பில் முறிந்து, மேல் பாதிதான் கைக்கு வந்தது. அதையும் முனியின் கல்லையும் வீட்டு வாசலில், பலாமரத்தடியில், பிடிமண் போட்டு ஊன்றி, பாலன் கொடுத்த மிச்சச் சீமெந்தைக் குழைத்து அணைத்தார்கள்.

சனிக்கிழமை பற்றையை வெட்டினார்கள். வீரையா, பாலன், லீவு போட்டு வந்த பிரேமிளா, சுப்பம்மா. முதல் வெட்டை வீரையாவால் போட முடியவில்லை. கத்தியை ஓங்குவதும் இறக்குவதுமாக நின்றார். பாலன் பகிடி விடாமல் முன்னால் வந்து தொடங்கிவைத்தார். சாமி போன பிறகும் எல்லோரும் வெறுங்காலோடுதான் வெட்டினார்கள். முள் குத்தியது. ஒருவரும் செருப்பை எடுத்துவரப் போகவில்லை.

வேர்ப் பொந்தில் சருகைக் குவித்தாற்போல் ஒன்று இருந்தது. சுப்பம்மா காலால் தள்ளப் போனாள், உள்ளேயிருந்து குருவி பாய்ந்தது. உருண்டைச் சருகுக்கூடு, பக்கத்தில் வாசல், உள்ளே புள்ளி போட்ட முட்டைகள். அவள் யாரையும் கூப்பிடவில்லை. சிரட்டையில் கூட்டை மெல்ல அள்ளி, உழுந்துக் காணிக்கும் அப்பால் உண்மையான காட்டுக்குள் கொண்டுபோய், ஒரு வீரமரத்தடியில் அதே மாதிரிச் சருகு கூட்டி வைத்தாள். பிடிமண் எடுத்த சாமி வந்த மாதிரி இதுவும் வரும் என்று நினைத்தாளோ என்னவோ. ஒரு பிடி பழைய மண்ணையும் கூட வைத்துவிட்டு வந்தாள்.

பின்னேரம் நெருப்பு வைத்தார்கள். வருஷக்கணக்கில் சேர்ந்த சருகோடு வெட்டிய பற்றை சடசடவென்று எரிந்தது. பாலையின் ஒரு பக்கம் கருகியது. குருவி கொஞ்ச நேரம் புகையைச் சுற்றிச் சுற்றி வந்தது. மறுநாள் விடியச் சுப்பம்மா வீரமரத்தடிக்குப் போய்ப் பார்த்தாள். முட்டைகள் பனியில் குளிர்ந்து கிடந்தன. ஒன்றை எறும்பு பிடித்திருந்தது.

*

சித்திரை வருஷப் பிறப்புக் கழிந்து, பெரியவர் வந்தார். தனியாக வரவில்லை. தனக்கு மேலான ஒருவரையும் கூட்டிவந்திருந்தார். வீரையா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு நின்றார். வந்தவர்கள் வீட்டுக்குள் வராமல் நேரே கிணற்றடிப் பக்கம் நடந்தார்கள். எரிந்த இடத்தைக் கண்டதும் பெரியவரின் நடை நின்றது.

அவர் பாலை மரத்துக்குப் போய், உளி கொத்திய பொந்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். திரும்பி வீரையாவிடம் சிங்களத்தில் ஒரே கேள்வி கேட்டார்.  அனோஜன் மரத்தைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தான்.

"சூலம் எங்க எண்டு கேக்கிறார்."

வீரையா அவர்களைப் பலாமரத்தடிக்குக் கூட்டிவந்தார். முறிந்த சூலத்தையும், இன்னும் சாம்பல் நிறம் மாறாத சீமெந்தையும் மேலதிகாரி குனிந்து பார்த்தார். ஏதோ சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை.

"இது இப்ப கட்டினதுதானே எண்டு கேக்கிறார்," என்றான் அனோஜன்.

"இல்லீங்க. சாமி எழுவத்தேழுல வந்தது. இங்கதான் இப்ப..." வீரையா பாலையையும் பலாவையும் மாறி மாறிக் கைகாட்டினார்.

அதிகாரிகள் வண்டிக்குப் போய்விட்டார்கள். அனோஜன் மட்டும் பின்தங்கினான். கல்லில் ஒரு காலை வைத்துக்கொண்டு, வண்டிப் பக்கம் பார்த்துப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"ஐயா, எங்கட பெரியவர் சூலத்தைப் பற்றித்தான் மேல சொன்னவர். மரம் விழுங்கின சூலம் இருக்கு, பழைய கோயில் இருக்கு, எல்லைக் கோட்டைக் கிணத்துக்கு அங்கால தள்ளலாம் எண்டு. அதைக் காட்டத்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தவர். இப்ப அவர் என்னத்தைக் காட்டுறது?"

"அப்ப குருவி? குருவி இருக்குன்னுதானே காடுன்னீங்க," என்றாள் சுப்பம்மா. "அதுதான் போயிருச்சே. இப்ப பத்தையும் இல்ல, குருவியும் இல்ல. வெளிதானே."

"கல்லுக்கு அங்கால எரிச்சதெண்டால் காடு எரிச்சதாத்தான் அம்மா எழுதுவாங்கள். வழக்குப் போட வேண்டாமெண்டு பெரியவர் கேட்டுப் பாக்கிறாராம். இனி அதில ஒண்டும் விதைக்காதேங்கோ. கிணத்தடிக்கும் பகலில போகாதேங்கோ." போகத் திரும்பியவன் நின்றான். "குருவி போகேல்லை. வரேக்க வேலிக்கரையில கேட்டது."

வண்டி போன பிறகு பாலன் வந்தார். முற்றத்துக்கு வராமல் வேலியிலேயே நின்றார். தான் சொன்னதை நினைத்து வந்தவர்போல இருந்தது. வீரையா அவரைப் பார்த்து, உட்காருங்கள் தம்பி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்றார். பிறகு தேத்தண்ணிக்குத் தண்ணீர் இல்லை என்பது நினைவு வந்து வாளியை எடுத்தார். கல் வரைக்கும் போனவர், அங்கேயே நின்றார். பாலன் போய் அவருடைய கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டார். ஆனால் அவரும் அப்பால் போகவில்லை. இரண்டு ஆண்களும் வெறும் வாளியோடு பொழுது சாயும்வரை கல்லடியில் நின்றார்கள்.

*

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. சுப்பம்மா முனிக்கு விளக்கு வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். பலாமரம் இலை கொட்டியிருந்தது. முனியின் இடம் என்பதால் சருகைக் கூட்டாமல் விட்டிருந்தாள். பழைய சட்டம்தான். கணுக்கால் ஆழத்துக்குச் சருகு சேர்ந்துவிட்டது.

அந்தச் சருகுக்குள் சரசரவென்று சத்தம் கேட்டது.

பாம்பு என்று எழுந்தாள். அது பாம்பில்லை. தவிட்டு நிற முதுகு தெரிந்தது. பிறகு தலை தெரிந்தது. குருவி ஓர் இலையைப் புரட்டி, ஒரு பூச்சியை எடுத்து, அவளைப் பார்த்தது. முறிந்த சூலத்தின் நிழலில் நடந்தது. எங்கே போயிருந்ததோ. சருகையும் நிழலையும் தேடித் திரும்பவும் இவர்கள் வீட்டுக்கே வந்திருந்தது.

சுப்பம்மா கல்லைப் பார்த்தாள். கல்லுக்கு இந்தப் பக்கம் முற்றம். முற்றத்தில் பலா. பலாவடியில் குருவி. அதற்கு இந்தப் பக்கம் வீடு மட்டும்தான் இருந்தது.

கையில் இருந்த போன் அடித்தது. பிரேமிளா. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து அந்த நேரத்துக்குத்தான் எடுப்பாள். சுப்பம்மா போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, குசினிச் சுவரில் சாய்த்திருந்த விளக்குமாறை எடுத்தாள்.

மகள் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள், அப்பா எங்கே என்று கேட்டாள். அப்பா அப்போதுதான் வெளியே வந்து வாசல்படியில் நின்றார். விளக்குமாறோடு மனைவி முனியடிக்குப் போவதைப் பார்த்தார்.  முகத்தை எல்லைக் கல்லின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதல் இழுப்பில் குருவி பறந்து கொய்யாக் கொப்பில் இருந்தது. சுப்பம்மா கூட்டினாள். சூலத்தைச் சுற்றிக் கூட்டினாள், முனியின் கல்லைச் சுற்றிக் கூட்டினாள், சீமெந்து தெரியக் கூட்டினாள். குருவி இரண்டு தரம் விசிலடித்தது.

"என்னம்மா சத்தம் அது?" என்று போனில் மகள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. வாசல் கூட்டுறேன்."

"விளக்கு வச்ச பிறகோ?"

"ஆமா புள்ள," என்றாள் சுப்பம்மா. "இனி எந்த நேரமும் கூட்டத்தான் வேணும்."